அஞ்சாம் பட்டன்

காரில் பாடுகிற செட்டுக்கு வரும் சீக்கு மொத்தம் ஒன்பதுதான், ஒன்பதுக்கு மேல் கிடையாது, இதைத் தாராபுரம் ரோட்டில் பெட்ரோல் பங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒருத்தர் காதிலும் ஏறுவதில்லை. ஃபியூஸ் போயிருக்கும், செட்டே போச்சு என்று எழவு விழுந்த மாதிரி வந்து நிற்பார்கள்; எர்த் வயரில் துரு ஏறியிருக்கும், ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்பார்கள்; சிடி மேல் கல்யாண ஸ்டிக்கரை ஒட்டி உள்ளே தள்ளியிருப்பார்கள், அது சூட்டில் உரிந்து பசையோடு மாட்டியிருக்கும், கேட்டால் தானாக மாட்டிக்கொண்டது என்று கோயில் பக்கம் கை நீட்டிச் சத்தியம் பண்ணுவார்கள். இதிலெல்லாம் மோசம், மஞ்சள் வயரையும் சிவப்பு வயரையும் மாற்றிக் கட்டிவிட்டு வருகிறவர்கள். மஞ்சள் வயரில் எப்போதும் கரண்டு இருக்க வேண்டும், அதுதான் செட்டின் ஞாபகம், சாவியை எடுத்த பிறகும் நீங்கள் பட்டனில் பதித்து வைத்த ஸ்டேஷனை அது மறக்காமல் வைத்திருப்பது அந்த ஒரு வயரால்தான். பேட்டரியைக் கழற்றினால் போச்சு, எல்லாம் மறந்துவிடும். சென்னியப்பன் வாய் கெட்டவன், ஆனால் கை நல்ல கை என்று ஊரில் என்னைப் பற்றிப் பேச்சு உண்டு, அதில் முதல் பாதி நிஜம். பத்தாவதாக ஒரு சீக்கு என் கடைக்கு ஒரே ஒரு தடவை வந்தது, அதைத்தான் சொல்ல வந்தேன்.

வண்டி நாச்சிமுத்துவின் வெள்ளை வேன். எங்கள் கோரைவலசில் வாடகை வண்டி ஓட்டியவன், என்னோடு பள்ளிக்கூடம் போனவன். தை மாசத்தில் பழனிக்குக் கல்யாணக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டுத் திரும்பியவன் ஊர் வந்து சேரவில்லை. வண்டி மட்டும் அமராவதிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஓரமாக நின்றது, டிரைவர் பக்கத்துக் கதவு திறந்திருந்தது, சாவி அதிலேயே தொங்கியது, இண்டிகேட்டர் அது பாட்டுக்கு மினுக்கிக்கொண்டிருந்தது, ஆளைக் காணோம். ஆற்றில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை, அடித்துக்கொண்டு போக வழியே இல்லை. போலீஸ்காரர்கள் வேனை வைகாசி வரைக்கும் ஸ்டேஷன் வாசலில் வெயிலில் காய விட்டுக் கொடுத்தார்கள். அவன் பங்காளிகள் கூடி, ஆனது ஆகிவிட்டது, காரியம் பண்ணிவிடலாம் என்று அவன் பெண்டாட்டி சாந்தாமணியிடம் போய் உட்கார்ந்தார்கள். "ஆளக் காட்டுங்க, அப்பறம் தாலியக் கழட்டறேன்" என்று சொல்லிவிட்டு அவள் பால் கறக்க எழுந்து போய்விட்டாள்.

ஆனி மாசம் அவள் அந்த வேனை என் கடைக்குக் கொண்டுவந்தாள். ஓட்டிவந்த டிரைவர் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டான்.

"டிரைவர் வெச்சு ஓட்டலாம்னு பார்த்தேனுங்கண்ணா" என்றாள். "வர்றவங்க எல்லாருமே செட்டு இரையுதுன்னு வண்டிய வுட்டுட்டுப் போயிர்றாங்க. நெறுத்துனாலும் இரையுதாமா. நீங்க ஒருக்கா பாருங்க."

செட்டில் கை வைப்பதற்கு முன் பேட்டரி டெர்மினலைக் கழற்றுவது என் வழக்கம், இருபத்திரண்டு வருசத்தில் ஒரு நாளும் தவறியதில்லை. அன்றைக்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனரைக் காணோம். பத்தாம் நம்பர் ஸ்பேனர் எந்தப் பட்டறையிலும் இருக்காது, அது தனிக் கதை, நான் அதைத் தேடி நாலு டிராயரைக் கவிழ்த்து, கடையில் நின்றவர்களை எல்லாம் வைது, கடைசியில் சனியன் கிடக்கட்டும் என்று டெர்மினலைக் கழற்றாமலே செட்டை உருவினேன். ஏரியல் வயரின் முனை பச்சை பூத்திருந்தது, சுரண்டினேன். எர்த்தைப் புதிதாகப் பற்ற வைத்தேன். பட்டனை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன், ஒன்றில் கோவை, இரண்டில் கொடைக்கானல், மூன்றில் மதுரை, நாலில் திருச்சி, எல்லாம் கண்ணாடி மாதிரி கேட்டன. அஞ்சாம் பட்டனை அழுத்தினேன்.

அதில் ஒரு வண்டி ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது கியரில் ஓடியது, ஜன்னலில் காற்று படபடவென்று அடித்தது, டேஷ்போர்டில் ஏதோ ஒரு கிளிப் டிக் டிக் என்று ஆடியது, வண்டி வேகம் குறைந்து நின்றது, ஓர் ஆள் தொண்டையைச் செருமினான், "ஏனுங், கோரைவலசுக்கு எப்படிப் போறதுங்க" என்று கேட்டான். வெளியிலிருந்து யாரோ, "நேராப் போனீங்கன்னா ஒரு புளியமரம் வரும், அங்க சோத்தாங்கைப் பக்கம் திரும்பிக்கங்க" என்றார்.

சாந்தாமணி பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். "அவருதான்" என்றாள். அப்புறம், "வண்டி இங்க நிக்குதுங்களே, அவரு எதுல ஓட்டிட்டிருக்காரு?" என்று கேட்டாள். நான் அந்த டிக் டிக் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டேன், என் முன்னால் டேஷ்போர்டில் உடைந்திருந்த கிளிப்பை விரலால் தட்டிப் பார்த்தேன், சத்தம் ஒன்றுதான். "இதுலதான் அம்மிணி" என்றேன்.

இது ஊருக்குத் தெரிய ஒரு மணி நேரம் ஆகவில்லை. எதிர்க்கடை ராக்கியப்பன் டீயைப் பாதி ஆற்றியபடியே டம்ளரோடு வந்து கேட்டான், கேட்டுவிட்டு, "சளி புடிச்சிருக்குதாட்ட இருக்குது அவனுக்கு" என்று மட்டும் சொன்னான், சொல்லிவிட்டுப் போய்ப் பஸ் ஸ்டாண்டில் இருந்த தன் பெரிய கடையிலும் சொன்னான். அன்று சாயங்காலம் முப்பது பேர், மறுநாள் நூறு பேர், அதற்கப்புறம் தறிக்காரர்கள் ஷிப்ட் முடிந்து வருவதும், பெண்கள் மாட்டுக்குத் தீவனம் வைத்துவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியோடு வருவதும், முருங்கைக்காய் லாரிக்காரர்கள் ரோட்டோரம் லாரியை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்ப்பதும் ஊரின் வழக்கத்தில் சேர்ந்துவிட்டன. லாரிக்காரர்கள்தான் கெட்டிக்காரர்கள். வண்டி குலுங்குகிற சத்தத்தை வைத்தே, இது சின்னாற்றுப் பாலம், இது செம்பட்டி தாண்டி நாலாவது வேகத்தடை, இந்த மணி திண்டுக்கல் பக்கத்து ரயில்வே கேட் என்று சொல்லிவிடுவார்கள். ஏட்டு ஒருத்தர் விசாரணைக்கு வந்தார், கால் மணி நேரம் கேட்டார், ஆள் காணவில்லை என்ற ஃபைலை இப்போது எப்படி எழுதுவது என்று என்னிடமே யோசனை கேட்டார், டீ குடித்துவிட்டு, "ஸ்பீடு கொஞ்சம் ஜாஸ்தியாப் போறாப்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். பங்காளிகள் வந்தார்கள், முன் வரிசையில் உட்கார்ந்தார்கள், அவன் இருமியதும் அண்ணன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், காரியப் பேச்சு அத்தோடு நின்றது.

ஊருக்குக் கோபம் வந்தது ஒரே ஒரு விசயத்தில்தான். நாச்சிமுத்து ஒரு நாளைக்குப் பத்து இடத்தில் வழி கேட்டான், பத்துப் பேரும் வழி சொன்னார்கள், எவனுக்கும் கோரைவலசு எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை, தெரியாது என்று சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வரவில்லை. நேராப் போங்க என்பான் ஒருத்தன், தாண்டி வந்துட்டீங்க திரும்பிப் போங்க என்பான் இன்னொருத்தன், எல்லாம் சொந்த வீட்டுக்கு வழி சொல்கிற மாதிரி அவ்வளவு உறுதியாகச் சொல்வார்கள். "நாசமாப் போறவங்களா, தெரியலன்னா தெரியலன்னு சொல்லித் தொலைங்களே" என்று பெண்கள் செட்டைப் பார்த்துக் கையை நீட்டி வைவார்கள். நாங்களும் எங்கள் ஊர் வழியே போகிறவர்களுக்கு அப்படித்தான் சொல்லி அனுப்பியிருக்கிறோம் என்பது யாருக்கும் நினைவு வரவில்லை.

பேட்டரிக்கு முறை வைத்தார்கள். செட்டு நாள் பூராவும் ஓடினால் பேட்டரி இறங்கிவிடும், இறங்கினால் மஞ்சள் வயர் செத்துவிடும், மஞ்சள் வயர் செத்தால் அஞ்சாம் பட்டன் அவனை மறந்துவிடும் என்று நான் விளக்கினேன், இந்த ஒரு தடவை எல்லோரும் காது கொடுத்துக் கேட்டார்கள். வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைக்கிற மாதிரியே வீட்டுக்கு ஒரு நாள் என்று ஆனது. டிராக்டர் வைத்திருப்பவர் டிராக்டர் பேட்டரியைக் கொண்டுவருவார், கல்யாண மண்டபத்துக்காரர் ஜெனரேட்டர் பேட்டரியைக் கொடுத்தனுப்புவார், வருகிற பேட்டரியை முதலில் கட்டிவிட்டுப் பிறகுதான் பழையதை அவிழ்ப்பேன், அந்த ஒரு நிமிசம் யாரும் மூச்சு விடமாட்டார்கள். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணவே கூடாது என்றும் சொல்லி வைத்தேன், ஸ்டார்ட்டர் இழுக்கிற இழுப்பில் செட்டுக்குக் கரண்டு குறைந்து எல்லாம் அழிந்துவிடலாம். அதுவும் நிஜம்தான்.

நிஜமில்லாதது ஒன்று சொன்னேன். "வண்டிய வூட்டுக்கே தள்ளிட்டுப் போயிரட்டுங்களாண்ணா" என்று சாந்தாமணி கேட்டாள். "எந்நேரமும் வாசல்லயே நிக்கும், நானும் வேலயப் பார்த்துட்டே கேட்டுக்குவேன்." இரைச்சல் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, ஒரு கண்டன்சர் வர வேண்டியிருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். கண்டன்சர் என் டிராயரிலேயே இருந்தது. என் கடைக்கு வருகிறவன் எவனும் சீக்கிரம் சீக்கிரம் என்பதைத் தவிர என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, இப்போது பெரிய மனிதர்கள் எல்லாம், "சென்னியப்பா, இன்னைக்கு எங்க இருக்கான்" என்று கேட்டுக்கொண்டு படியேறினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, வேறொன்றும் இல்லை. அவள் அஞ்சு தடவை கேட்டாள், அஞ்சு தடவையும் நாளைக்கு என்றேன். அவளும் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தினமும் மத்தியானமே வந்துவிடுவாள்.

இன்னொன்றும் செய்தேன். ஸ்பீக்கரைத் திருப்பிக் கட்டினால் அதுவே மைக், வேலை தெரிந்தவனுக்கு இது தெரியும். பின் ஸ்பீக்கர் ஒன்றைக் கழற்றி, ஆம்ப்ளிஃபையர் வழியாக ஏரியல் வயரில் கொண்டுபோய்க் கொடுத்து, "நாச்சிமுத்து, கேக்குதா" என்றேன். செட்டுக்குள் அவன் பட்டென்று டேஷ்போர்டை அறைந்தான். "எப்பப் பாரு கரகரன்னுட்டு" என்று முணுமுணுத்தான், அவன் பக்கத்தில் ஏதோ ஒரு பட்டன் அணைகிற சத்தம் கேட்டது. சாந்தாமணி கூப்பிட்டுப் பார்த்தாள், அதற்கும் அதேதான். எங்கள் பேச்சு அங்கே இரைச்சலாகப் போய் விழுகிறது என்று புரிந்துகொண்டு ஸ்பீக்கரை ஓரமாக வைத்தேன், வயரை மட்டும் அவிழ்க்கவில்லை.

ஆடி மாசம், வெள்ளிக்கிழமை. காலையிலேயே ஒரு லாரிக்காரர் வந்து, "ஒட்டன்சத்திரம் மார்க்கெட் சத்தம் கேக்குது பாருங்க" என்றார். மத்தியானம் மூலனூர் வந்தது. யாரோ ஒரு புண்ணியவான், முதல்முறையாக, சரியான வழியைச் சொல்லியிருந்தான். ஊர் மொத்தமும் என் கடைக்கு வந்துவிட்டது, தறி நின்றது, பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் வந்துவிட்டார்கள், ராக்கியப்பன் பஸ் ஸ்டாண்டுக் கடையில் பாய்லரைக்கூட அணைக்காமல் போட்டது போட்டபடி வந்து நின்றான். நாலரை மணிக்கு வேன் வாய்க்கால் ரோட்டில் திரும்பியது. அது ஊருக்கு மேற்குக் கோடி, அவன் வீடும் அந்தப் பக்கம்தான், என் கடை கிழக்குக் கோடி.

எங்கள் ஊரை நாங்களே செட்டில் கேட்டோம். வாய்க்கால் தண்ணீர் மதகில் விழுவது கேட்டது, கோயில் வேப்பமரத்துக் காக்கா கேட்டது, அப்புறம் பாய்லர் புஸ்ஸென்று சீறுவது கேட்டது, வண்டி நின்றது. "ராக்கியப்பா, ஒரு டீ போடு" என்றான் நாச்சிமுத்து. என் பக்கத்தில் நின்ற ராக்கியப்பன் டம்ளர் எடுக்கத் திரும்பினான். "ஒருத்தரயும் காணமே" என்றான் நாச்சிமுத்து, வண்டியை எடுத்தான். ஜனம் கை தட்டியது, வந்துட்டான் வந்துட்டான் என்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். நாற்பது நாள் உட்கார்ந்து கேட்டே பழகிய ஜனத்துக்கு எழுந்து ஓட வேண்டும் என்று தோன்றவே இல்லை, எனக்கும் தோன்றவில்லை. சாந்தாமணி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள், அவள் முகத்தை அப்படி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

வண்டி நின்றது. கதவு திறந்தது, செருப்புச் சத்தம் தள்ளிப் போனது. கொஞ்ச நேரம் கழித்துத் தூரத்தில் இரும்புப் பூட்டு ஆடுகிற சத்தம் கேட்டது.

"சாந்தா" என்றான். "ஏ சாந்தா."

"ஆங்" என்றாள் அவள், அடுப்படியிலிருந்து சொல்கிற மாதிரி, கண்ணைத் திறக்காமலே. அப்புறம் அவள் கை தானாக இடுப்புக்குப் போனது. அவள் வேனிலிருந்து குதித்த வேகத்தில் கதவு என் தோளில் அடித்தது. ராக்கியப்பன் ஸ்கூட்டரை உதைத்தான், அவள் பின்னால் ஏறினாள், இரண்டு பேரும் போனார்கள்.

செட்டில் அவன் வாசற்படியில் உட்கார்வது கேட்டது, உட்காரும்போது அவனுக்கு வருகிற அந்த யம்மா என்கிற முனகலும் கேட்டது. அவள் வருகிற வரைக்கும் இருந்திருப்பான். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஸ்பீக்கரை எடுத்து வாயில் வைத்து, "நாச்சிமுத்து, இருப்பா, போயிராத, அவ வந்துட்டிருக்கா" என்று அடித்தொண்டையில் கத்தினேன், நிறுத்தாமல் கத்தினேன். அங்கே பூட்டிய வீட்டு வாசலில் நின்ற வேனில் செட்டு கரகரவென்று அலறியிருக்க வேண்டும். செருப்புச் சத்தம் வண்டியைப் பார்த்து வந்தது. சீட் கிறீச்சிட்டது. பட்டென்று ஓர் அறை, செட்டை அணைத்தான். ஏறி உட்கார்ந்தவன் இறங்கவில்லை.

"வூட்டப் பூட்டிட்டு எங்கயும் போற ஆளில்லயே அவ" என்று தனக்குத்தானே சொன்னான். "என்னயத் தேடித்தான் போயிருப்பா."

சாவி திரும்பியது. ரிவர்ஸ் கியர் விழுந்தது.

அவர்கள் போனபோது வாசலில் யாரும் இல்லை, புழுதியில் டயர்த் தடம் இரண்டு புதிதாக இருந்தது, திருப்பி எடுத்த தடமும் இருந்தது, ராக்கியப்பன் குனிந்து தொட்டுப் பார்த்தானாம். சாந்தாமணி அதை யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவன் வாசற்படியில் உட்கார்ந்து எழுந்ததையும் கடைசியாகச் சொன்னதையும் ஊர் அவளிடம் சொன்னது. நான் கத்தியதை ஒருத்தரும் சொல்லவில்லை, கேட்டவர்கள் அத்தனை பேரும் ஒரே ஆள் மாதிரி வாயை மூடிக்கொண்டார்கள். மறுநாள் காலையில் வேனை ஸ்டார்ட் பண்ணாமல் முப்பது பேர் தள்ளிக்கொண்டு போய் அவள் வாசலில், தடத்துக்கு ஒரு முழம் தள்ளி நிறுத்தினோம். கண்டன்சரையும் போட்டுக் கொடுத்தேன்.

அதற்கப்புறம் அவன் கோரைவலசுக்கு வழி கேட்கவில்லை. கடை கடையாக நிறுத்தி அவளைக் கேட்டான். "மாநெறம்ங்க, சோத்தாங்கைப் பக்கம் கன்னத்துல ஒரு தழும்பு இருக்கும், பேசுனா வெடுக்குன்னு பேசுவா, நல்ல மனசு" என்று சொல்லிச் சொல்லிக் கேட்டான். கேட்டவர்கள் எல்லோரும் பார்த்தோம் என்றார்கள், இப்பத்தான் அந்தப் பக்கம் போனாங்க என்று கை காட்டினார்கள். ஐப்பசிக்குள் வெளியே கேட்கிற பேச்சு கன்னடமாகிவிட்டது. ஜனம் வருவது குறைந்தது, கேட்கச் சகிக்கவில்லை என்று பெண்கள் முதலில் நின்றார்கள். பேட்டரி முறை மட்டும் ஒரு வீடு தவறாமல் நடந்தது. நான் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

கார்த்திகையில் ஆள் விட்டாள், சத்தம் கம்மியாகிக்கொண்டே வருகிறதாம், வந்து பார்க்கச் சொன்னாள். போனேன். வீட்டுக்கதவு விரியத் திறந்திருந்தது, அது பகலிலும் இராத்திரியிலும் அப்படித்தான் இருக்கிறது என்று சொன்னார்கள். செட்டில் சீக்கு ஒன்றும் இல்லை, தூரம்தான்.

"ஒண்ணு கேக்கோணும்ணா" என்றாள். "முகூர்த்த வண்டி போனா மண்டபத்து வாசல்ல ஆறு மணி நேரம் அசையாம உக்காந்திருக்கிற மனுசன் அவரு. அன்னைக்கு எதுக்குங்க அஞ்சு நிமிசத்துல எந்திரிச்சுட்டாரு?"

என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம், வாயில் பொய் வந்து நின்றது. "நாந்தான் அம்மிணி" என்றேன். "நீ வர்றீன்னு சொல்லி ஸ்பீக்கர்ல கத்துனேன். செட்டு இரையுதுன்னு அணைக்க வந்தவன், அப்படியே கெளம்பிட்டான்." நாளைக்கு நாளைக்கு என்று வண்டியை வைத்துக்கொண்டதையும் சொன்னேன், கண்டன்சர் டிராயரிலேயே இருந்ததையும் சொன்னேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

அவள் என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். அவள் டயர்த் தடம் இருந்த இடத்தைப் பார்த்தாள், மழை பெய்து அங்கே இப்போது புல் முளைத்திருந்தது.

"அப்ப நாம பேசுனா அவருக்குக் கேக்குது" என்றாள்.

"பேச்சாக் கேக்காது. இரைச்சலாத்தான்."

"கேக்குதுல்ல. அதக் கட்டிக் குடுங்க."

கட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து சாயங்காலம் பால் ஊற்றிவிட்டு வந்து வேனில் உட்கார்ந்து அவள் பேசுகிறாள், மாடு சினையாக இருப்பது, முருங்கை விலை விழுந்தது, அவன் அண்ணன் பெரிய மச்சாண்டாருக்குக் கண் ஆபரேசன் ஆனது, ஒன்று விடாமல் சொல்கிறாள். முதலில் எல்லாம் அவன் டேஷ்போர்டை அறைவான், அணைப்பான், மறுநாள் மறந்துபோய்த் திரும்பப் போடுவான். எத்தனை நாள் அப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. போன மாசம் எர்த் வயர் பார்க்கப் போயிருந்தேன், அவள் தண்ணீர் வராத கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். காதை ஸ்பீக்கரோடு ஒட்டினால்தான் அந்தப் பக்கம் கேட்கிறது, ஒட்டிக்கொண்டு கேட்டேன். அவன் வண்டியில் யாரோ தமிழ்க்காரர்கள் ஏறியிருந்தார்கள்.

"ஏன் டிரைவர், அந்த ரேடியோவ அணைங்களே, தலை வலிக்குது" என்றது ஒரு குரல்.

"இருந்துட்டுப் போகுதுங்க" என்றான் நாச்சிமுத்து. குரல் ரொம்பக் களைத்திருந்தது. "அதுவும் இல்லைன்னா ஓட்டறப்பத் தூங்கிருவேன்."

நான் சாந்தாமணியைப் பார்த்தேன், பேசிக்கொண்டே இன்னொரு ஸ்பீக்கரில் காதை ஒட்டியிருந்த அவளும் கேட்டிருந்தாள். தண்ணீர்க் கதை முடிந்துவிட்டிருந்தது. அவள் சொன்னதையே முதலிலிருந்து திரும்பச் சொல்ல ஆரம்பித்தாள்.